கப்பிச் சாலையும் லாடமும்

குதிரையின் குளம்பு ஒரே ஒரு விரலின் நகம். ஒவ்வொரு காலிலும் அந்த ஒற்றை விரலின் நுனியில்தான் அதன் எடை நிற்கிறது. குளம்பின் வெளிச்சுவருக்கு உணர்ச்சி கிடையாது. சீவினாலும் ஆணி அடித்தாலும் வலிக்காது. அதற்கு உட்புறம் இரத்தக் குழாய்களும் நரம்புகளும் பின்னிய உயிர்ச்சதை இருக்கிறது, அதற்கும் உள்ளே எலும்பு. சுவரும் அடித்தோலும் சேருமிடத்தில் வெளிறிய கோடு ஒன்று ஓடும். உயிருள்ள பகுதி எங்கே தொடங்குகிறது என்பதை லாடம் அடிப்பவருக்குக் காட்டும் எல்லை அதுதான். அடியின் நடுவில் ஆப்பு வடிவில் மெத்தென்ற பகுதி ஒன்று உண்டு. காலை ஊன்றும்போது அது அழுந்தும். குதிகால் பக்கம் சற்றே விரியும். இரத்தம் மேலே தள்ளப்படும்.

சுவர் மாதத்திற்கு 6 முதல் 10 மில்லிமீட்டர் வளர்கிறது. மேல்விளிம்பில் பிறந்த கொம்புப்பொருள் முன்நுனிக்கு வந்து சேர ஏறத்தாழ ஓராண்டு ஆகும். மேய்ச்சல் நிலத்தில் திரியும் குதிரைக்கு வளர்ச்சியும் தேய்மானமும் சரிக்குச் சரியாக இருக்கும். பாரம் ஏற்றி, கல் தரையில், நாள் தவறாமல் நடத்தினால் தேய்மானம் முந்திக்கொள்ளும். அப்போது அடித்தோல் தரையில் படுகிறது. கல் குத்தி உள்ளே இரத்தம் கட்டுகிறது. குதிரை கால் தாங்கி நடக்கத் தொடங்குகிறது. குளம்புக்குக் காப்பு தேடிய வரலாறு முழுவதும் இந்தக் கணக்கைச் சரிக்கட்டும் முயற்சிதான்.

திண்டுக்கல் வட்டாரத்து நிலக்கோட்டைச் சமவெளிக்கு மேற்கே பழனி மலைத்தொடர், கிழக்கே சிறுமலை, தெற்கே வைகை. மண் பெரும்பாலும் செம்மண்ணும் சரளையும், இடையிடையே கரிசல். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை பெய்கிறது. மார்கழியில் பனி இறங்குகிறது. தை பிறந்ததும் தரை காய்ந்து இறுகத் தொடங்குகிறது. மழையில் சேறாகக் கிடந்த வண்டித்தடம் மாசிக்குள் கூரிய வரப்புகளோடு இறுகிப்போகும். குளம்புக்கு ஆபத்தான பருவம் இதுதான். இரண்டு மாதம் ஈரத்தில் ஊறிய கொம்புப்பொருள் மென்மையாகி இருக்கிறது. ஈரம் தேங்கிய இடத்தில் அடிப்பகுதி அழுகி நாற்றமெடுக்கவும் கூடும். குளம்பு பழைய உறுதியை அடைவதற்கு முன்பே தரை கெட்டிப்பட்டுவிடுகிறது. பிறகு வெயில் ஏற ஏற, அதே குளம்பு வறண்டு சுவரில் வெடிப்பு விடுகிறது. குளிர்நாடுகளில் சேறு உறைந்து கல்லாவதால் குதிரைகள் நொண்டுகின்றன. இங்கே அது காய்ந்து கல்லாவதால் நொண்டுகின்றன. குளம்புக்குள் நேர்வது இரண்டு இடத்திலும் ஒன்றே: அடித்தோல் நசுங்கி இரத்தம் கட்டுகிறது.

தமிழ்நாட்டில் குதிரை என்றும் வெளியிலிருந்து வந்த விலங்காகவே இருந்தது. கடல்வழி வந்த குதிரைகளைப் பட்டினப்பாலை பேசுகிறது. பாண்டியன் குதிரை வாங்கக் கொடுத்த பணத்தை மாணிக்கவாசகர் திருப்பெருந்துறையில் கோயிலுக்குச் செலவிட்டதும், நரிகள் பரிகளானதும் மதுரை வட்டாரத்தில் அறியாதவர் இல்லாத திருவிளையாடல். கதை புராணம் என்றாலும், அரசின் கருவூலம் குதிரைக்காகக் கடற்கரை நோக்கிப் போனது வரலாறு. 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ, மன்னர் ஆண்டுக்கு இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட குதிரைகளை வாங்குவதாகவும், ஆண்டு முடிவதற்குள் அவற்றில் பெரும்பாலானவை மடிந்துவிடுவதாகவும் எழுதினார். குதிரை வைத்தியமும் லாடமும் தெரிந்தவர்கள் இங்கே இல்லை என்பது அவர் சொல்லும் காரணம். ஹோர்முஸ், ஏடன் முதலிய துறைகளிலிருந்து குதிரை கொண்டுவரும் வணிகர்கள், தங்கள் சரக்கு சாகச் சாகத்தான் வியாபாரம் என்பதால், அத்தகைய ஆட்களை இங்கே வரவிடுவதில்லை என்றும் அவர் குறை கூறுகிறார். பாரசீக வரலாற்றாசிரியர் வஸாஃப், ஒரு குதிரைக்கு 220 செம்பொன் தினார் விலை குறிக்கிறார்.

போலோவின் கூற்றை அப்படியே ஏற்க வேண்டியதில்லை. குதிரைக்குச் சோறும் இறைச்சியும் வேகவைத்துக் கொடுத்தார்கள் என்று எழுதும்போது அவர் கேட்டதும் கண்டதும் கலந்தே கிடக்கின்றன. ஆயினும் வறண்ட அரபு மண்ணில் பிறந்து இறுகிய குளம்பு, தாமிரபரணி, வைகைக் கரைகளின் ஈரத்தில் நலிந்திருக்கும் என்பதில் ஐயமில்லை. விலை கொடுத்து விலங்கை வாங்க முடிந்த அரசு, அதைப் பேணும் கைத்திறனையும் சேர்த்து வாங்கவில்லை என்பதே அந்தப் பயணக்குறிப்பு தரும் முக்கியச் செய்தி.

உலகின் பிற பகுதிகளிலும் இந்தக் கைத்திறன் மெதுவாகவே உருவானது. கி.மு. 4-ஆம் நூற்றாண்டில் கிரேக்கத் தளபதி செனபோன், லாயத்துக்கு வெளியே உருண்டைக் கற்களைப் பரப்பி அதன்மேல் குதிரையை நிறுத்தினால் குளம்பு உறுதிப்படும் என்று எழுதினார். இரும்பு பற்றி அவர் பேசவில்லை. ரோமானியர் இரும்பாலான செருப்பைக் குளம்பில் வாரால் கட்டினார்கள். அதோடு வேகமாக ஓட முடியாது. ஆணி அடித்துப் பொருத்தும் லாடம் ஐரோப்பாவில் பரவலானது 10, 11-ஆம் நூற்றாண்டுகளை ஒட்டித்தான். இந்தியாவில் பாரசீக, துருக்கிய மரபில் வந்த குதிரைப்படைகளே அதை ஊன்றின. படையோடு லாடம் அடிப்பவரும் நடந்தார். 1311-இல் மாலிக் காஃபூரின் படை மதுரையை எட்டியது. அதைத் தொடர்ந்து சுல்தான்கள், விசயநகரத்தார், நாயக்கர்கள் என்று குதிரைப்படையை நம்பிய ஆட்சிகள் வரிசையாக வந்தன.

நாயக்கர் ஆட்சியில் மதுரை நாடு பாளையங்களாகப் பிரிக்கப்பட்டபோது, கூளப்ப நாயக்கர் வழியினரின் நிலக்கோட்டை திண்டுக்கல் சீமைப் பாளையங்களில் ஒன்றாக அமைந்தது. பாளையத்துப் படை முக்கியமாகக் காலாட்படை. குதிரை தலைவருக்கும் அவர் சுற்றத்தாருக்கும் உரிய பெருமை. ஊர் மண்பாதைகளில் எப்போதாவது ஏறிச் செல்லும் குதிரைக்கு இரும்பு அவ்வளவாகத் தேவைப்பட்டிருக்காது. பெருங்குதிரைப்படை இந்த மண்ணில் நிலைகொண்டது மைசூர்க்காரர்களோடு. 1755-இல் ஹைதர் அலி திண்டுக்கல் ஃபவுஜ்தாராக, அதாவது படைத் தலைவராக, நியமிக்கப்பட்டார். பிரெஞ்சுப் பொறியாளர் உதவியோடு அங்கே ஆயுதச்சாலை அமைத்தார். பிறகு கோட்டை பலமுறை கைமாறி, 1790-இல் கர்னல் ஜேம்ஸ் ஸ்டூவர்ட்டிடம் விழுந்து, 1792 உடன்படிக்கையில் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு வந்து சேர்ந்தது. அந்த ஏறக்குறைய நாற்பது ஆண்டுகளில் திண்டுக்கல் பாறையைச் சுற்றிய நிலம் குதிரைப்படையின் நடமாட்டத்தை அடிக்கடி கண்டது. அத்தகைய படைக்கு இரும்பு வேலையாள் வெடிமருந்தைப் போலவே இன்றியமையாதவர். லாடம் கழன்ற குதிரை மறுநாள் அணிவகுப்பில் நிற்காது.

ஆனால் லாடம் ஊர்த்தொழிலாக வேர்விட்டது போரினால் இல்லை, சாலையினால். 19-ஆம் நூற்றாண்டில், குறிப்பாக 1871-இன் சென்னை உள்ளூர் நிதிச் சட்டத்துக்குப் பின், மாவட்டச் சாலைகளுக்குத் தொடர்ந்து பணம் கிடைத்தது. மண்தடத்தின் மேல் கருங்கல்லை உடைத்துப் பரப்பி இறுக்கிய கப்பிச் சாலைகள் நீண்டன. மழையில் வண்டி அச்சு புதையாத பாதை அது. குளம்புக்கோ அது ஆண்டு முழுவதும் தை மாதத் தரை. செம்மண்ணில் ஒருநாளும் லாடம் தேவைப்படாத மாடு, கப்பி ரோட்டில் சில வாரங்களில் குளம்பு தேய்ந்து படுத்துவிடும். அதனால்தான் ஊர்களில் உழவு மாட்டுக்கு லாடம் கிடையாது, வண்டி மாட்டுக்கு உண்டு என்ற வேறுபாடு நிலைத்தது. ஏர் மண்ணில் ஓடுகிறது. சக்கரம் கல்லில் ஓடுகிறது.

1875-இல் ரயில்பாதை மதுரையை எட்டியபோது, அம்மையநாயக்கனூரில் ஒரு நிலையம் எழுந்தது. பின்னாளில் அதற்குக் கொடைக்கானல் ரோடு என்று பெயர். ரயில் வந்தால் வண்டி குறையும் என்று எண்ணத் தோன்றும். நடந்தது அதற்கு நேர்மாறு. நிலையத்தில் இறங்கும் ஆளும் சரக்கும் மேற்கே போக வேண்டியிருந்ததால் நிலக்கோட்டை, வத்தலக்குண்டு, தேவதானப்பட்டி, பெரியகுளம் வழியான சாலை இரவும் பகலும் ஓயாத வண்டித்தடம் ஆயிற்று. 1845-இல் அமெரிக்க மதுரை மிஷனார் கொடைக்கானலில் முதல் வீடுகளைக் கட்டியிருந்தார்கள். 1863-இல் கலெக்டர் வெர் ஹென்றி லெவிஞ்ச் அங்கே ஏரியை உருவாக்கினார். கோடையில் மலையேறும் வெள்ளைக்காரக் குடும்பங்கள் அம்மையநாயக்கனூரில் மாட்டு வண்டி பிடித்து, வழியில் மாடு மாற்றி, இரவெல்லாம் பயணம் செய்து மலையடிவாரத்துக் கிருஷ்ணம்ம நாயக்கன் தோப்பை அடைவார்கள். தூரம் ஏறத்தாழ 50 கிலோமீட்டர். அங்கிருந்து மேலே மட்டக்குதிரை, அல்லது ஆட்கள் தூக்கும் டோலியும் நாற்காலியும்.

இந்த வழி நெடுகக் கொல்லுப் பட்டறைகளுக்கு வேலை இருந்தது. சக்கரப் பட்டை, அச்சாணி, கொழு என்ற வழக்கமான வேலைகளோடு லாடமும் சேர்ந்துகொண்டது. மாட்டு லாடமும் குதிரை லாடமும் வெவ்வேறு வேலைகள். மாட்டின் குளம்பு பிளவுபட்டது. ஆகவே ஒரு காலுக்கு இரண்டு தகடு, நான்கு காலுக்கும் போட்டால் எட்டு. பிறை போல வளைந்த தட்டையான தகடுகள் அவை. மாடு நின்றபடி காலைக் கொடுக்காது. கயிற்றைச் சுற்றி இழுத்துப் பக்கவாட்டில் சாய்த்து, நான்கு கால்களையும் சேர்த்துக் கட்டி, ஒருவர் தலையை அழுத்திப் பிடிக்க, லாடக்காரர் குளம்பைச் சீவித் தகட்டை வைத்துச் சிறிய ஆணிகளை இறக்குவார். மாட்டின் குளம்புச் சுவர் மெல்லியது. ஆணி ஒரு நூல் தவறினாலும் சதையில் ஏறும். சினை மாட்டையும் வயிறு புடைக்கத் தின்ற மாட்டையும் சாய்க்கக் கூடாது என்பது தொழில் தெரிந்தவர்களின் கட்டுப்பாடு.

குதிரையை நிற்க வைத்தே அடிக்க வேண்டும். முன்காலைத் தன் இரு முழங்கால்களுக்கு இடையிலும், பின்காலைத் தொடை மேலும் ஏந்திக்கொண்டு லாடக்காரர் குனிந்து வேலை செய்வார். பழைய லாடத்தின் மடிந்த ஆணிமுனைகளை நிமிர்த்தி, குறட்டால் கழற்றி, வளர்ந்த சுவரை உளியால் சீவி, அரத்தால் மட்டம் பிடிப்பதுதான் பாதி வேலை. அடித்தோலைச் சுரண்டி மெருகேற்றக் கூடாது. நடு ஆப்பையும் தொடாமல் விடுவது நல்லது. அவசரக்காரர்கள் லாடத்தின் அளவுக்குக் குளம்பைத் தேய்ப்பார்கள். குளம்பின் அளவுக்கு லாடத்தை வளைப்பவரே தொழில்காரர். அகல வேண்டிய குதிகால் பக்கத்தை இரும்பு கட்டிப்போட்டுவிடக் கூடாது என்பதால் ஆணிகள் முன்பாதியில்தான் இறங்கும், பொதுவாக ஆறு முதல் எட்டு வரை. ஆணியின் முனை ஒரு பக்கம் சரிவாகத் தட்டப்பட்டிருக்கும். சரியான பக்கம் வைத்து அடித்தால் அது வெளிப்பக்கம் வளைந்து சுவரைத் துளைத்து வரும், திருப்பி வைத்தால் உள்ளே பாயும். நல்ல கொம்பில் இறங்கும் ஆணி கணீரென்று ஒலிக்கும், ஓசை மந்தமானால் அவர் உடனே நிறுத்திப் பிடுங்குவார். சதையில் ஏறிய ஆணியைக் கவனிக்காமல் விட்டால் குளம்பு சூடேறிச் சீழ் வைக்கும். டெட்டனஸ் நோய்க்கு மிக எளிதில் இரையாகும் விலங்குகளில் குதிரையும் ஒன்று என்பதால், ஒரு ஆணிக் குத்தே உயிரை வாங்கிவிடும். வளரும் சுவர் லாடத்தை முன்னே தள்ளிக்கொண்டே போகும். ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒருமுறை கழற்றிச் சீவி மறுபடி அடிக்க வேண்டும். வண்டிக்காரர்கள் பலர் இரும்பு தேய்ந்து தானே விழும்வரை விட்டுவைத்தார்கள். லாயத்து நொண்டல்களில் பெரும்பகுதி இந்தத் தாமதத்தால் வந்தவை. கூலி மிச்சம் என்று எண்ணியவர்கள் குதிரையையே இழந்தார்கள்.

கிருஷ்ணம்ம நாயக்கன் தோப்பிலிருந்து கொடைக்கானலுக்கு மேலேறிய குதிரைப் பாதை வேறு வகைச் சோதனை. பத்துப் பன்னிரண்டு மைலுக்குள் ஏறத்தாழ ஆறாயிரம் அடி ஏற்றம். சரிவான பாறை, உருளும் கல், ஓடை கடக்கும் இடங்களில் பாசி. வழவழப்பான லாடம் பாறையில் வழுக்கும். ஏறும்போது முன்நுனி கல்லில் இடிக்கும், இறங்கும்போது எடையெல்லாம் முன்கால்களில் விழும். மலைக்கு மேலே போனால் குளிரும் சேர்ந்துகொள்கிறது. சுமார் 2,100 மீட்டர் உயரத்திலுள்ள கொடைக்கானலில் மார்கழி, தை மாதங்களின் சில இரவுகளில் வெப்பம் பூஜ்யத்தை நெருங்கும். ஏரியை ஒட்டிய தாழ்வுகளிலும் புல்வெளிகளிலும் விடியற்காலையில் உறைபனி வெள்ளையாகப் படிந்து கிடக்கும், வெயில் ஏறியதும் கரைந்துவிடும். தமிழ்நாட்டில் குதிரைக் குளம்பு உறைந்த புல்லை மிதிக்கும் இடங்கள் மிகச் சிலவே. கொடைக்கானலும் நீலகிரியும் அவற்றில் முக்கியமானவை. பனி ஆழமாக இறங்கி மண்ணை இறுக்குவதில்லை. ஆகவே இங்கே அடிபடுவதைவிட வழுக்குவதே பெரிய ஆபத்து. வெயில் நன்றாக ஏறி ஈரம் காய்ந்த பிறகு குதிரையை வெளியே எடுப்பதுதான் எளிய காப்பு.

உண்மையான பனிநாடுகளில் அப்படிக் காத்திருக்க முடியாது. அங்கே லாடத்துக்குள் பனி கட்டிப்பட்டு உருண்டையாகி, குதிரை கட்டைக்காலில் நிற்பதுபோல் தடுமாறும். அதைத் தடுக்கக் குளம்படியில் கொழுப்புத் தடவுவதும், லாடத்தின் முனைகளைக் கீழ்நோக்கி மடித்துக் கொக்கியாக்குவதும், கூர்த்தலை கொண்ட பனி ஆணிகளை அடிப்பதும் பழைய முறைகள். 1812-இல் மாஸ்கோவிலிருந்து திரும்பிய நெப்போலியனின் படையில் பெரும்பாலான குதிரைகளுக்கு அத்தகைய லாடம் இல்லை. பனி மூடிய சரிவுகளில் அவை விழுந்தன, விழுந்தவை எழவில்லை. குதிரைப் பொறுப்பாளர் கோலங்கூர் பேரரசரின் சொந்த லாயத்துக்கு மட்டும் முன்கூட்டியே பனி லாடம் அடித்து வைத்திருந்தார்; அந்தக் குதிரைகளில் பல தாக்குப்பிடித்தன.

20-ஆம் நூற்றாண்டின் இரண்டாம் பத்தாண்டில் மோட்டார் செல்லும் மலைச்சாலை திறந்ததும் தோப்பு வழி தேய்ந்தது. சமவெளியில் வண்டிகள் இன்னும் அரை நூற்றாண்டு ஓடின. திண்டுக்கல், மதுரை ரயில் நிலைய வாசல்களில் ஜட்கா வண்டிகள் நின்றன. கப்பி ரோடு தார் ரோடானது குளம்புக்கு நன்மையாக அமையவில்லை. தார் கல்லைப்போல் குத்தாது, ஆனால் ஒவ்வோர் அடியின் அதிர்ச்சியையும் மூட்டுக்குத் திருப்பி அனுப்பும். மழை பெய்தால் இரும்பு அதில் சறுக்கும். கால்நடை மருத்துவமும் இக்காலத்தில்தான் நிறுவனமாக வளர்ந்தது. சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி 1903-இல் தொடங்கியது. 1960-இன் விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் 1965-இல் வெளியான விதிகளில், லாடம் அடிப்பவர்கள் உரிமம் பெற வேண்டும் என்பதற்கென்றே தனி விதித்தொகுப்பு உண்டு. அதே ஆண்டின் இன்னொரு தொகுப்பு பொதி விலங்குகளின் சுமைக்கு எல்லை வகுத்தது: மட்டக்குதிரைக்கு 70 கிலோ, கோவேறு கழுதைக்கு 200 கிலோ. உரிமத்தின் வழியே பட்டறைத் தொழிலுக்கு அரசு தந்த மதிப்பு, அந்தத் தொழில் சுருங்கத் தொடங்கிய காலத்தில் வந்தது வருத்தத்துக்குரியது. தந்தையிடம் பழகிக் கற்ற கைகளுக்கு முறையான பயிற்சியும் சான்றும் ஒரு தலைமுறை முன்பே கிடைத்திருக்க வேண்டும்.

ஆட்டோவும் மினி லாரியும் வந்தபின் சாலையோர லாடப் பட்டறைகள் பெரும்பாலும் மறைந்தன. இன்று மாட்டுக்கு லாடம் அடிப்பவர்கள் பை நிறையத் தகடும் ஆணியும் சுத்தியலுமாகச் சந்தைக்கும் ஊர்களுக்கும் தேடிப் போகிறார்கள். மாட்டு வண்டி, குதிரை வண்டிப் பந்தயங்கள் இந்தத் தொழிலின் ஒரு கிளையை உயிரோடு வைத்திருக்கின்றன. தார்ச்சாலையில் முழு வேகத்தில் ஓடும் பந்தயக் குதிரைக்கு லாடத்தின் எடையும் ஆணியின் பிடிப்பும் முடிவையே மாற்றக்கூடியவை என்பதால், உரிமையாளர்கள் நல்ல கையைத் தேடிப் பிடிக்கிறார்கள். கொடைக்கானல் ஏரிக்கரையில் சுற்றுலாப் பயணிகளை ஏற்றும் குதிரைகளுக்கும் தார்தான் அன்றாடத் தரை.

குதிரை இன்னும் உழைப்பாளியாகவே இருப்பது மலைக்கிராமங்களில். சிறுமலையிலும், பழனி மலையின் கீழ்ச்சரிவுகளிலும் வண்டி போகாத தோட்டங்களிலிருந்து வாழைத்தாரும் எலுமிச்சையும் காப்பியும் குதிரை முதுகில்தான் சாலைக்கு வருகின்றன. கும்பக்கரையிலிருந்து மேலேறும் பழைய நடைபாதையிலுள்ள வெள்ளகவிக்கும் சரக்கு அப்படித்தான் போகிறது. மாட்டுப் பொங்கல் நாளில் சிறுமலை விவசாயிகள் குதிரைகளைக் குளிப்பாட்டி அலங்கரித்துக் குதிரைப் பொங்கல் வைக்கிறார்கள். பொங்கல் வரும் பருவமும் குளம்பை அதிகம் கவனிக்க வேண்டிய பருவமும் ஒன்றாக அமைந்திருக்கின்றன. மழை விட்டதும் குளம்படியில் ஒட்டிய சேற்றையும் சிக்கிய கல்லையும் அன்றன்று நோண்டி எடுப்பது, அழுகல் நாற்றம் வருகிறதா என்று பார்ப்பது, இரவில் உலர்ந்த தரையில் கட்டுவது, தளர்ந்த ஆணியை விட்டுவைக்காமல் மாற்றுவது ஆகியவை மலைப்பாதைக் குதிரைக்கு லாடத்தைவிடக் குறைந்த காப்பு ஆகாது. பொதி இறக்கியபின் மேய்ச்சலில் மட்டும் நிற்கப்போகும் குதிரைக்கு லாடத்தைக் கழற்றிவிட்டு, குளம்பு தானாக விரிந்து வளரச் சில வாரம் விடுவதும் நல்ல முறை. மறுபடி கல்பாதையில் இறக்குவதற்கு முன் அடித்துக்கொள்ளலாம்.